இரண்டு ஸ்பூன் கால்சியமும் ஞாயிற்றுக்கிழமைப் பொடியும்

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறார். கணவருக்குக் காப்பி எஸ்டேட்டில் வேலை. வீட்டில் இரண்டு நாய்கள்: ஒன்பது வயது லாப்ரடார், எடை 38 கிலோ, ஐந்து மாத ராஜபாளையம் குட்டி, எடை 12 கிலோ. பெயர்களை மாற்றி ஜிம்மி, வெள்ளையன் என்று வைத்துக்கொள்கிறேன். மழை பிடித்துக்கொண்டால் ஜிம்மியால் படுத்த இடத்திலிருந்து எழவே முடிவதில்லை. வாசற்படி ஏறுவதற்குக்கூட நின்று யோசிக்கிறானாம். வெள்ளையனுக்கு இரண்டு மாதமாக முன்னங்கால்கள் மணிக்கட்டில் வளைந்துகொண்டே வருகின்றன. இரண்டு பேருக்கும் சாப்பாடு ஒன்றுதான். சோறு, எலும்பு நீக்கிய கோழிக்கறி, தயிர்.

இதற்கு மேல் புட்டிகள். பெட் ஷாப்காரர் கொடுத்த கால்சியம் சிரப் குட்டிக்குக் காலை ஒரு ஸ்பூன், மாலை ஒரு ஸ்பூன். மல்டிவிட்டமின் சொட்டு. லிவர் டானிக். ஜிம்மிக்கு மூட்டுப் பொடி, ரோமம் பளபளக்க மீன் எண்ணெய் மாத்திரை. போதாததற்கு, கணவருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி பொடியில் பாதியை ஞாயிறுதோறும் பாலில் கலந்து வெள்ளையனுக்கு ஊற்றுகிறார். ஆறு வாரமாக நடக்கிறது இது. எல்லாம் சேர்த்து மாதம் 2,900 ரூபாய் ஆகிறதாம்.

அவர் கேட்பவை மூன்று. இவ்வளவு கொடுத்தும் கால் வளைகிறதே, கால்சியத்தைக் கூட்டலாமா? ஆன்லைனில் 3,600 ரூபாய்க்கு நியூசிலாந்துச் சிப்பித் தூள் மாத்திரை வருகிறதே, ஜிம்மிக்கு வாங்கலாமா? "பெத்த பிள்ளைக்குப் பாக்கற மாதிரி பாக்கறேன், எதுல குறை வெச்சேன் டாக்டர்?" கடைசியில் ஒரு பின்குறிப்பு: குட்டி பத்து நாளாக ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போகிறது, தண்ணீரும் நிறையக் குடிக்கிறது, இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடலாமா?

முதலில் அந்தத் தண்ணீர்க் கிண்ணம்

அம்மா, உங்கள் கடிதத்துக்குப் பின்குறிப்பிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு பக்கத்திலும் அவசரமான விஷயம் அந்த இரண்டு வரிதான். கிண்ணத்தை எடுக்காதீர்கள். இரவும் பகலும் தண்ணீர் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பொடியை இன்றோடு நிறுத்துங்கள்.

காரணம் சொல்கிறேன். வாரம் ஒருமுறை சாப்பிடச் சொல்லி மனிதருக்கு எழுதிக்கொடுக்கும் அந்த உறையில் 60,000 யூனிட் வைட்டமின் டி இருக்கும். வெள்ளையன் வயதில், அவன் எடையில் இருக்கும் குட்டிக்கு ஒரு வாரம் முழுவதற்கும் சேர்த்தே ஏறக்குறைய 1,000 முதல் 1,200 யூனிட் போதும். பாதி உறை என்றால் 30,000. தேவையைப் போல இருபத்தைந்து மடங்கு, அதுவும் ஆறு வாரமாக. பி வைட்டமின் என்றால் மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டி அப்படிப் போகாது. உடம்புக் கொழுப்பில் தங்கும். நீங்கள் நிறுத்திய பிறகும் சில வாரம் வேலை செய்துகொண்டிருக்கும்.

டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அது ஏறினால் சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. குட்டி அடிக்கடி ஒன்றுக்குப் போகும். போன தண்ணீரை ஈடுகட்டக் குடிக்கும். நீங்கள் "சேட்டை" என்று எழுதியது இதுவாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் சிறுநீர்த் தொற்றிலும் இதே அறிகுறி வரும். ஆனால் இரண்டில் எதுவானாலும் தண்ணீரைப் பிடுங்கினால் சிறுநீரகத்துக்குத்தான் கேடு. சாப்பாட்டில் நாட்டம் குறைவது, வாந்தி, மலச்சிக்கல், சுணங்கிப் படுப்பது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். தெரியாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. "மலையில வாரக்கணக்கா வெயிலே இல்ல, அதனாலதான் கொடுத்தேன்" என்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். மனிதக் குழந்தைக்கு அது நியாயமான யோசனை. நாய்க்குப் பொருந்தாது. நாயின் தோலில் வெயில் பட்டு வைட்டமின் டி உண்டாவது பேருக்குத்தான். ஏற்காட்டு மூடுபனியில் இருந்தாலும், கீழே சேலத்துச் சித்திரை வெயிலில் கட்டிப்போட்டாலும் அதற்கு டி வருவது வாய் வழியாகத்தான். முட்டை மஞ்சள் கரு, ஈரல், மீன், நல்ல டிரை ஃபுட், இவற்றிலிருந்து. ஆகவே மூடுபனி மேல் பழி போடாதீர்கள்.

கால்சியம்: உங்கள் வீட்டுக் கணக்கு

இதுதான் கடிதத்தின் மையம். கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

வளரும் குட்டி ஒன்றுக்கு, வெள்ளையன் அளவில், நாளொன்றுக்கு 3 கிராமுக்குக் குறையாமல் கால்சியம் வேண்டும். இப்போது அவன் தட்டைப் பாருங்கள். எலும்பு நீக்கிய கோழிக்கறி 200 கிராமில் கால்சியம் 30 மில்லிகிராமைத் தாண்டாது. சோற்றில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ஒரு கிண்ணம் தயிரில் 120 முதல் 150 மில்லிகிராம். சிரப் புட்டியில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல காரியம்: 5 மி.லி.க்கு 80 மில்லிகிராம். இரண்டு ஸ்பூனுக்கு 160. கூட்டினால் 350 பக்கத்தில் நிற்கிறது. வேண்டியதோ 3,000. அதாவது எட்டில் ஒரு பங்குகூடக் கிடைக்கிறதா என்பது சந்தேகம்.

ஆகவே, "இவ்வளவு கொடுத்தும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த "இவ்வளவு" மிகக் கொஞ்சம். கோழி எலும்பு தொண்டையில் குத்திவிடும் என்று பார்த்துப் பார்த்து எலும்பை நீக்கினீர்கள். அது சரி, வெந்த கோழி எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடையும், ஆபத்துதான். ஆனால் எலும்போடு கால்சியமும் குப்பைக்குப் போனது. கறியில் மிஞ்சியது பாஸ்பரஸ். இரண்டும் ஏறக்குறையச் சமமாக, கால்சியம் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். வெறும் கறியில் பாஸ்பரஸ் பத்துப் பதினைந்து மடங்கு அதிகம்.

இப்படி ஆகும்போது உடம்பு சும்மா இருக்காது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் தாளம் தப்பும். ஆகவே கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கடன் வாங்கும். சம்பளம் வராத வீட்டில் பீரோவில் இருக்கும் நகை ஒவ்வொன்றாகச் சேவாப்பேட்டை அடகுக்கடைக்குப் போகுமே, அப்படி. வெளியே பார்த்தால் வீட்டில் அடுப்பு எரிகிறது. பீரோ காலியாகிக்கொண்டிருக்கிறது. எலும்பு மெலிந்து, பாரம் தாங்காமல் வளைகிறது. சில குட்டிகளுக்குச் சோபாவிலிருந்து குதித்த மாத்திரத்தில் முறிவே ஏற்பட்டுவிடும்.

"அப்படியானால் கூட்ட வேண்டியதுதானே?" என்பீர்கள். இன்றைக்கு வேண்டாம். டி மிஞ்சியிருக்கும் உடம்பு, கொடுக்கிற கால்சியத்தை வாரி இழுத்துக்கொள்ளும். ரத்தப் பரிசோதனை வராமல் இந்தக் குட்டிக்கு ஒரு ஸ்பூன் கூட்டவும் சொல்ல மாட்டேன். எலும்பில் குறையும் ரத்தத்தில் மிகுதியும் ஒரே குட்டியில் ஒரே நேரத்தில் இருக்க முடியும்; உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருகிறது. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பின் அடர்த்தியும், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான வீட்டையும் சொல்ல வேண்டும். போன வருஷம் கொண்டலாம்பட்டிப் பக்கமிருந்து ஒருவர் நான்கு மாத கிரேட் டேன் குட்டியைக் கூட்டி வந்தார். கையில் ஒரு கட்டைப்பை. மேஜை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: கால்சியம் சிரப், கால்சியம் மாத்திரை, எலும்புத் தூள், இன்னொரு கால்சியம் சிரப். "எதுலயும் குறை வைக்கலைங்க சார்" என்றார். உண்மைதான், குறை வைக்கவில்லை. குட்டி நான்கு அடி நடந்து உட்கார்ந்தது, எழுந்து மூன்று அடி நடந்து மறுபடி உட்கார்ந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். எலும்பு முனை கொட்டைப்பாக்கு அளவுக்குப் புடைத்துச் சூடாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டு முனகியது. அந்த வீட்டில் போட்டது சோறு அல்ல, குட்டிகளுக்கென்றே வரும் முழுச் சத்துள்ள டிரை ஃபுட். அதில் கால்சியம் ஏற்கெனவே அளந்து போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் நான்கு புட்டி. பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு ஆறு மாதம் வரை, வேண்டாத கால்சியத்தைக் குடலிலேயே தடுத்து நிறுத்தும் திறமை வளர்ந்திருக்காது; வந்ததெல்லாம் உள்ளே போகும். குருத்தெலும்பு முற்ற வேண்டிய முறையில் முற்றாது. புட்டிகளையெல்லாம் நிறுத்தினோம். வலி ஒரு மாதத்தில் குறைந்தது. கால் முழுவதும் நிமிரவில்லை.

ஆக, டிரை ஃபுட் போடும் வீட்டில் கால்சியம் சேர்த்தால் கால் வளையும். சோறும் கறியும் போடும் வீட்டில் சேர்க்காவிட்டால் கால் வளையும். "குட்டிக்குக் கால்சியம் கொடுக்கலாமா?" என்று யாராவது போனில் கேட்டால், "என்ன சாப்பாடு போடுறீங்க?" என்று திருப்பிக் கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை. பெட் ஷாப்காரர் உங்களிடம் அதைக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

அவர் சொன்ன இன்னொன்று: "விலா எலும்பு தெரியுது, சத்து பத்தல." ராஜபாளையம் வேட்டைக்குப் பழக்கிய நாய், ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும் அதன் வாகு. கடைசி இரண்டு விலா லேசாகத் தெரிந்தால் கவலை இல்லை. லாப்ரடார் மாதிரி உருண்டையாக்கப் பார்த்தால் வளைந்த காலில் பாரம்தான் ஏறும்.

பரிசோதனை முடிந்த பிறகு உங்கள் முன்னால் இரண்டு வழி இருக்கும்.

ஒன்று, வளரும் குட்டிக்கான முழுச் சத்து டிரை ஃபுட்டுக்கு மாறுவது. பழைய சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு வாரம் பத்து நாளில் மாற்ற வேண்டும். மாதம் எட்டு ஒன்பது கிலோ ஆகும். நடுத்தர விலையில் வாங்கினால், இப்போது டானிக்குக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பக்கத்தில்தான் வரும். மாறிய பிறகு கால்சியம், மல்டிவிட்டமின் எதுவும் கிடையாது. ஒரு சொட்டுகூட. எனக்குக் கேட்டால் வெள்ளையனுக்கு ஒரு வயது வரை இந்த வழியே நல்லது, கணக்குப் பிசகாது.

இரண்டு, வீட்டுச் சாப்பாட்டையே தொடர்வது. அதில் தவறில்லை. ஆனால் அளவு போட்டுச் செய்ய வேண்டும். கால்சியத்துக்கு நம் அடுப்படியிலேயே வழி இருக்கிறது. முட்டை ஓட்டைக் கழுவி, பத்து நிமிஷம் கொதிக்கவைத்து, காயவைத்து, வெறும் வாணலியில் லேசாக வறுத்து மிக்ஸியில் மாவாக அரைக்க வேண்டும். நறநறவென்று இருக்கக் கூடாது, விபூதி மாதிரி இருக்க வேண்டும். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. உங்கள் சிரப்பில் அந்த அளவு கிடைக்க 25 ஸ்பூன் ஊற்ற வேண்டும். தினம் எவ்வளவு தூள் என்பதை ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கறியோடு வாரம் இரண்டு நாள் கொஞ்சம் ஈரல், தினம் ஒரு வெந்த முட்டை, வாரம் இரண்டு நாள் முள் நீக்கிய மத்தி மீன் சேர்ந்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும். துத்தநாகமும் அயோடினும் மட்டும் சமையலில் சரியாக அமைவது கடினம். அதற்கு டாக்டர் ஒரு கலவை எழுதித் தருவார். சப்ளிமென்ட் என்ற சொல்லுக்கு உண்மையான வேலை இருக்கும் இடம் இதுதான்.

அதுவரை வெள்ளையன் குதிக்கக் கூடாது. எஸ்டேட் சரிவில் ஓடவிடாதீர்கள். டைல்ஸ் தரையில் கோணியோ பழைய ஜமுக்காளமோ விரித்துவிடுங்கள். வழுக்கும் தரையில் வளைந்த கால் இன்னும் விரியும். பக்கத்து வீட்டுப் பெரியவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டச் சொன்னாரே, அது வேண்டாம். முறிவுக்குக் கட்டலாம். வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பைக் கட்டினால் தசைநார் இன்னும் தளரும்.

ஒன்று சொல்ல மறந்தேன். இரண்டாவது மாதத்தில் பூச்சி மருந்து கொடுத்தது, அதோடு சரி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதம் வரை மாதாமாதம் கொடுக்க வேண்டும். குடலில் கொக்கிப்புழு இருந்தால் நீங்கள் ஊற்றும் டானிக் அதற்குத்தான்.

ஜிம்மிக்கு வேண்டியது பொடியல்ல

ஜிம்மி விஷயத்தில் ஒரு நினைப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். வயதானதால் சத்துக் குறைந்து மூட்டு வலிக்கிறது என்கிறீர்கள். 38 கிலோ லாப்ரடாருக்குச் சத்துக் குறையவில்லை, கூடியிருக்கிறது. நீங்கள் சொல்லும் உயரத்துக்கு 30, 31 கிலோதான் இருக்க வேண்டும். ஏழு கிலோ என்பது ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் ஏழு மாதிரி. அதை முதுகில் வைத்துக் கட்டிக்கொண்டு உங்கள் வாசற்படி ஏறுகிறான்.

மருந்தைவிடப் பட்டினி பெரிது என்று நம்மவர்கள் சொல்வதற்கு நாய் உலகத்தில் நல்ல சாட்சி உண்டு. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து, சோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாகச் சாப்பாடு போட்டு ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக 13 வருஷம் இருந்தன, மற்றவை 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. இவ்வளவு பெரிய பலனை நான் எந்தப் பொடி டப்பாவிலும் பார்த்ததில்லை. இன்னொரு ஆய்வில், பருத்த நாய்களுக்கு எடையில் ஆறு சதவீதம் குறைந்தாலே நொண்டல் குறைந்தது. ஜிம்மிக்கு அது இரண்டேகால் கிலோ. மூன்று மாதத்தில் முடியும் காரியம்.

எப்படி? சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் வெந்த பீன்ஸ், சௌசௌ, பூசணி. மலையில் சௌசௌவுக்குப் பஞ்சமில்லை. கணவர் டீக்கடையில் உட்காரும்போது கொடுக்கும் வர்க்கியையும் கணக்கில் சேருங்கள். கடிதத்தில் அதை அடைப்புக்குறிக்குள் ஒளித்து எழுதியிருந்தீர்கள். வாரம் ஒருமுறை எடை. நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியாக ஒருமுறை என்று பார்க்க முடியாத எடை இது; எஸ்டேட்டில் காப்பி மூட்டை நிறுக்கும் தராசு போதும்.

மூட்டுப் பொடியில் இருப்பது குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின். முதலாவது பெரும்பாலும் நண்டு, இறால் ஓட்டிலிருந்து எடுப்பது; இரண்டாவது விலங்குகளின் குருத்தெலும்பிலிருந்து. பெரிய கெடுதல் இல்லை. பலன் உண்டா என்றால், ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது வெறும் மாவு கொடுத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு மாதமாகக் கொடுத்தும் உங்கள் கண்ணுக்கு மாற்றம் தெரியவில்லையென்றால், டப்பா தீர்ந்ததும் மறுபடி வாங்காதீர்கள். நியூசிலாந்துச் சிப்பித் தூளுக்குச் சில சிறிய ஆய்வுகள் ஆதரவாகவும் சில எதிராகவும் இருக்கின்றன. 3,600 ரூபாய் கொடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டிய அளவுக்கு எனக்கு நம்பிக்கை இல்லை.

மூட்டுக்கு ஓரளவு ஆதாரத்தோடு நிற்கும் சப்ளிமென்ட் மீன் எண்ணெய்தான். வேடிக்கை என்னவென்றால் அதை நீங்கள் ரோமத்துக்காக, ஒரே ஒரு மாத்திரை கொடுக்கிறீர்கள். 1,000 மில்லிகிராம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது எண்ணெயின் எடை. பின்பக்கம் சிறிய எழுத்தில் இபிஏ 180, டிஹெச்ஏ 120 என்று இருக்கிறதல்லவா, அந்த ஒமேகா-3 கொழுப்பு 300தான் சரக்கு. ஜிம்மிக்கு மூட்டில் பலன் தெரிய நாளைக்கு 1,500ஆவது வேண்டும். அதாவது ஐந்து மாத்திரை. ஒரே நாளில் ஏற்றாதீர்கள், பேதியாகும். நான்கைந்து நாளுக்கு ஒன்று என்று கூட்டுங்கள். எண்ணெயும் கொழுப்புத்தான், சாப்பாட்டில் அதற்கு ஈடாகக் குறைக்க வேண்டும். முன்பு கணைய அழற்சி வந்த நாய்க்கு இது ஆகாது. ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி இரண்டும் குவிந்திருக்கும். ஐந்து மாத்திரை கணக்கு அதற்குப் போட்டால் வெள்ளையன் கதைதான் ஜிம்மிக்கும். ஆளி விதை எண்ணெய் இதற்கு மாற்று ஆகாது. நாயின் உடம்பு அதை இபிஏவாக மாற்றுவது சொற்பம்.

வலி அதிகமான நாட்களில் நாய்க்கென்று இருக்கும் வலி மருந்தைப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் எழுதித் தருவார். பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது வீட்டு மருந்து டப்பாவுக்கு. நமக்கு எழுதும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் ஒரு மாத்திரையில்கூட நாயின் குடலில் ரத்தம் கசியலாம்.

மிச்சப் புட்டிகள்

லிவர் டானிக்: "ஈரல் பலமா இருந்தா சாப்பாடு ஒட்டும்" என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வது. ஈரல் கெட்டிருந்தால் அதற்கு வைத்தியம் வேறு. கெடாத ஈரலுக்கு டானிக் எதற்கு? நிறுத்திவிடுங்கள். மல்டிவிட்டமின் சொட்டு: இப்போதைக்கு வேண்டாம், அதிலும் டி இருக்கும்.

எந்தப் புட்டியை எடுத்தாலும் பின்பக்கம் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற பொருளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பல சப்ளிமென்டில் இருக்கும். மருந்துக்குக் கேட்கும் நிரூபணத்தைத் தீவனச் சப்ளிமென்டிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் அதன் அர்த்தம். "நொண்டல் குணமாகும்" என்று கடையில் சொன்னால் அதை பில்லில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். பில் எப்போதும் வாங்கி வையுங்கள். பொய்யான உறுதிமொழி கொடுத்து விற்றால் 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் இருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். பில் இல்லாமல் போனால் பேச்சு எடுபடாது.

ஏற்காட்டு வீட்டுக்கென்று இரண்டு. மழை மாதத்தில் உப்பு ஜாடியே கசியும் ஊர் அது; பொடி டப்பா கட்டி தட்டினாலோ மீன் எண்ணெய் மாத்திரை கெட்ட நெய் வாடை அடித்தாலோ, காசு போட்டோமே என்று பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். இன்னொன்று, உங்கள் களத்தில் காப்பி உலர்த்தும்போது குட்டி கொறிக்காமல் பாருங்கள். காப்பிக் கொட்டையில் உள்ள கஃபீன் நாயின் இதயத்தை ஓட ஓட அடிக்கவைக்கும். பிள்ளைகளுக்கு வாங்கும் மிட்டாய் மாதிரியான வைட்டமினும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்; சிலவற்றில் சர்க்கரைக்குப் பதில் ஸைலிட்டால் சேர்த்திருப்பார்கள், அது அரை மணி நேரத்திலேயே நாயின் ரத்தச் சர்க்கரையை விழவைக்கும்.

"எதில் குறை வைத்தேன்" என்று கேட்டீர்கள். கவனிப்பில் இல்லை. சொட்டு சொட்டாக ஊற்றுவதில் காட்டிய அக்கறையில் கொஞ்சத்தைத் தட்டில் எண்ணிப் பார்த்திருக்கலாம், அவ்வளவுதான். கால் எவ்வளவு நிமிரும் என்று எக்ஸ்ரே பார்க்காமல் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஐந்து மாதக் குட்டிக்கு வளர இன்னும் மாதங்கள் இருப்பது நமக்குச் சாதகம்.

ஏற்காட்டுக் கால்நடை மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். ரத்தம் அங்கேயே எடுத்துக் கீழே அனுப்ப முடிந்தால் நல்லது. எக்ஸ்ரேக்குச் சேலம் இறங்க வேண்டியிருக்கும். சிக்கல் பெரிதென்று தெரிந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதித் தருவார்கள். வரும்போது புட்டிகள் அத்தனையையும், அந்த வைட்டமின் டி உறையின் காலி அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். "ஏதோ ஒரு பொடி" என்று சொன்னால் டாக்டரால் கணக்குப் போட முடியாது. முதல் நாள் இரவு எட்டு மணிக்கு மேல் வெள்ளையனுக்குச் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். ரத்தப் பரிசோதனைக்கு அது நல்லது. இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுப்பான் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் நல்லது.